வரியைக் குறைப்பதா, பணமாகக் கொடுப்பதா?
நெருக்கடிக் கால நிவாரணம் பற்றிய ஒரு நீண்ட விவாதம்

பொருளாதாரம் திடீரென்று முடங்கும்போது அரசு தன் குடிமக்களுக்கு எந்த வழியில் கைகொடுக்க வேண்டும்? வாங்கும் வரியைக் குறைத்து, மக்களின் பணத்தை அவர்களிடமே விட்டுவிடலாம் என்பது ஒரு பதில். கருவூலத்திலிருந்து நேரடியாகப் பணம் கொடுத்துவிடலாம் என்பது இன்னொரு பதில். பட்ஜெட் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அரசிடம் ஒரு லட்சம் கோடி குறைகிறது, மக்களிடம் ஒரு லட்சம் கோடி கூடுகிறது. யாரிடம் கூடுகிறது, எவ்வளவு சீக்கிரம் கூடுகிறது, நெருக்கடி தீர்ந்த பிறகு அதை நிறுத்த முடிகிறதா என்று கேட்கத் தொடங்கினால்தான் இரண்டு பாதைகளும் விலகிச் செல்வது தெரியும். இதுவரை கிடைத்துள்ள சான்றுகளைத் திரட்டிப் பார்த்தால், நிவாரணம் என்ற நோக்கத்துக்கு நேரடிப் பணமே ஏற்ற கருவி என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. வேலையும் வருமானமும் போனவரிடம் குறைப்பதற்கு வரியே இருப்பதில்லை என்பதுதான் அதற்கு முதற்காரணம். ஆனால் நேரடிப் பணமும் தானாக வேலை செய்துவிடாது. அரசின் கையில் எந்தப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் வெற்றியும் தோல்வியும் அமைந்திருக்கின்றன. இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்பட்டிருப்பதும் அந்தப் பட்டியல்தான்.

கேள்வியின் வேர்கள்

1936இல் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் எழுதிய பொதுக் கோட்பாட்டிலிருந்து இந்த விவாதம் கிளைத்தது என்று சொல்லலாம். மக்கள் செலவு செய்யாததால் உற்பத்தி சுருங்குகிறது, உற்பத்தி சுருங்குவதால் வேலை போகிறது, வேலை போவதால் செலவு மேலும் சுருங்குகிறது. இந்தச் சுழலை அரசின் செலவு உடைக்கலாம் என்றார் அவர். அமெரிக்காவில் இந்தச் சிந்தனை முதலில் வரிக்குறைப்பாகவே பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. கென்னடி முன்மொழிந்து, அவர் மறைவுக்குப் பின் ஜான்சன் 1964 பிப்ரவரியில் கையெழுத்திட்ட சட்டம், வருமான வரியின் உச்ச விகிதத்தை 91 விழுக்காட்டிலிருந்து 70க்கும் கீழ் விகிதத்தை 20லிருந்து 14க்கும் படிப்படியாக இறக்கியது. அடுத்து வந்த வளர்ச்சி, வரிக்குறைப்பு அணிக்கு நெடுங்காலம் முதல் சாட்சியாக இருந்தது. ஆனால் அது நிரந்தரமாக்க உத்தேசித்த சீர்திருத்தம். பெரும் சரிவு ஒன்றுக்கு நடுவில் கொடுத்த அவசர உதவி அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

தற்காலிகமான உதவி எதுவுமே பெரிதாகப் பலன் தராது என்ற ஐயமும் அதே காலத்தில் வலுப்பெற்றது. குடும்பங்கள் இந்த மாத வருமானத்தைப் பார்த்துச் செலவு செய்வதில்லை, நெடுங்காலத்துக்கு எதிர்பார்க்கும் வருமானத்தைப் பார்த்தே செய்கின்றன என்று மில்டன் ஃப்ரீட்மன் 1957இல் வாதிட்டார். அவர் சொன்னது சரியென்றால், ஒருமுறை வரும் தொகையில் பெரும்பங்கு சேமிப்புக்குப் போய்விடும். 1968இல் ஜான்சன் அரசு விதித்த 10 விழுக்காடு தற்காலிகக் கூடுதல் வரி, எதிர்பார்த்த அளவு மக்களின் செலவைக் குறைக்காதபோது இந்தக் கருத்துக்கு மதிப்புக் கூடியது. 1974இல் ராபர்ட் பாரோ ஒரு படி மேலே போனார். இன்று அரசு கடன் வாங்கிக் கொடுப்பதை நாளை வரியாகத் திரும்ப வாங்கத்தான் போகிறது என்று தெரிந்தவர்கள், கிடைத்ததை அந்த நாளுக்கென்று எடுத்துவைத்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். இவ்விரு கோட்பாடுகளிலும் ஒரு மறைமுக அனுமானம் உண்டு: குடும்பத்துக்குக் கைவசம் சேமிப்போ, குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும் வசதியோ இருக்கிறது. அது இல்லாத வீட்டில் நெடுங்கால வருமானக் கணக்குக்கு இடமேது? இந்த மாத வாடகைதான் கணக்கு.

1975இல் ஃபோர்டு ஆட்சி இரண்டு வழிகளையும் ஒரே சட்டத்தில் கலந்தது. முந்தைய ஆண்டு கட்டிய வரியில் 10 விழுக்காடு, அதிகபட்சம் 200 டாலர், திருப்பித் தரப்பட்டது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுவோருக்குத் தலைக்கு 50 டாலர் நேராகப் போனது. குறைந்த கூலிக்கு வேலை செய்பவர் வரியே கட்டாவிட்டாலும் வரித்துறை வழியாகப் பணம் பெறும் ஏற்பாடும் அந்தச் சட்டத்தில்தான் பிறந்தது. வரிச்சலுகைக்கும் நேரடிப் பணத்துக்கும் இடையிலான கோடு அன்றிலிருந்தே மங்கல்.

அடையாள எண்கள் நடத்திய சோதனை

கோட்பாட்டுச் சண்டைக்குத் தரவு வந்துசேர்ந்தது 2001இல், ஏறக்குறையத் தற்செயலாக. அந்த ஆண்டு அமெரிக்க அரசு தனிநபருக்கு 300 டாலரும் தம்பதியருக்கு 600 டாலரும் காசோலையாக அனுப்பியது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அச்சடித்து அஞ்சலில் சேர்க்க முடியாது. அதனால் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்களைப் பார்த்து, ஜூலை இறுதியிலிருந்து செப்டம்பர் வரை வாரக்கணக்கில் பிரித்து அனுப்பினார்கள். ஒருவருடைய எண் எதில் முடிகிறது என்பதற்கும் அவர் ஏழையா பணக்காரரா, சிக்கனக்காரரா செலவாளியா என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முதல் வாரம் பெற்றவரையும் எட்டாம் வாரம் பெற்றவரையும் ஒப்பிட்டால் பணத்தின் விளைவு தனியாகத் தெரிந்துவிடும். டேவிட் ஜான்சன், ஜோனதன் பார்க்கர், நிக்கலஸ் சூலலஸ் மூவரும் குடும்பச் செலவுக் கணக்கெடுப்போடு இதைப் பொருத்திப் பார்த்தார்கள். பணம் வந்த மூன்று மாதத்துக்குள் 20 முதல் 40 விழுக்காடு வரை உணவு, உடை போன்ற அன்றாடப் பொருள்களுக்குச் செலவாகியிருந்தது. கையிருப்புக் குறைந்த குடும்பங்களில் விளைவு கூடுதலாக இருந்தது. அடுத்த காலாண்டையும் சேர்த்தால் செலவு மூன்றில் இரண்டு பங்கு வரை போனது.

இதே காலத்தில் மேத்யூ ஷாப்பிரோவும் ஜோயல் ஸ்லெம்ராடும் மக்களிடம் நேரடியாகக் கேட்டபோது, பெரும்பாலும் செலவு செய்வோம் என்றவர்கள் 22 விழுக்காட்டினர்தான். இரண்டு முறைகளும் வெவ்வேறு பதில் தருவது இத்துறையின் தீராத சிக்கல். 2008இல் இரண்டாம் முறை இதேபோல் பணம் அனுப்பப்பட்டபோது, கார் வாங்கியது உட்பட மொத்தச் செலவு, கிடைத்த தொகையில் 50 முதல் 90 விழுக்காடு என்று கணிக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் புதிய புள்ளியியல் முறைகளோடு செய்யப்பட்ட மறுஆய்வுகள் அந்த எண் மிகை என்று காட்டியிருக்கின்றன. ஆகவே 'காசோலை கொடுத்தால் அப்படியே கடைக்கு வந்துவிடும்' என்ற உற்சாகத்துக்கு இடமில்லை. கையில் காசில்லாத வீடு கூடுதலாக, சீக்கிரமாகச் செலவு செய்கிறது என்ற முடிவு மட்டும் பெரும்பாலான ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

2009இல் ஒபாமா அரசு வேறு வழியை எடுத்தது. காசோலைக்குப் பதிலாகச் சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைத்தது: தனிநபருக்கு ஆண்டுக்கு 400 டாலர், தம்பதியருக்கு 800. ஒரு சம்பளக்காரர் கையில் மாதம் சில பத்து டாலர்கள் கூடின. கண்ணில் படாமல் வரும் சிறு தொகையை யாரும் தனியே எடுத்துவைக்க மாட்டார்கள், அது செலவோடு செலவாகக் கரைந்துவிடும் என்பது திட்டமிட்டவர்களின் எண்ணம். கிளாடியா சாம், ஷாப்பிரோ, ஸ்லெம்ராட் மூவரும் இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டார்கள். 2008இல் ஒரே தொகையாகப் பெற்றவர்களில் 25 விழுக்காட்டினர் பெரும்பாலும் செலவு செய்ததாகச் சொன்னார்கள். 2009இல் சம்பளத்தோடு பெற்றவர்களில் 13 விழுக்காட்டினர்தான் அப்படிச் சொன்னார்கள். வேலை இழந்தவருக்கோ பிடித்தமும் இல்லை, அதில் குறைப்பும் இல்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது.

வரிக்குறைப்பின் பக்கம் உள்ள நியாயம்

இவ்வளவையும் வைத்து வரிக்குறைப்பு பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. கிறிஸ்டினா ரோமரும் டேவிட் ரோமரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, போருக்குப் பிந்தைய அமெரிக்க வரி மாற்றங்களை நோக்கம் வாரியாகப் பிரித்து, நாட்டு உற்பத்தியில் 1 விழுக்காடு அளவுக்கு வரியைக் கூட்டினால் உற்பத்தி 3 விழுக்காடு வரை குறையலாம் என்று கண்டது. குறைத்தால் எதிர்த்திசையில் அதே விளைவு. வேலை, முதலீடு இரண்டுக்கும் கிடைக்கும் பலனை வரி மாற்றுகிறது. ஒருமுறைப் பணத்தால் அது முடியாது என்பது இத்தரப்பின் வலுவான வாதம். ஆனால் ரோமர்கள் இந்தக் கணக்குக்கு வேண்டுமென்றே எடுத்துக்கொண்டது, பொருளாதாரச் சரிவைச் சமாளிக்கக் கொண்டுவந்தவை அல்லாத வரி மாற்றங்களை. அதை அவசர நிவாரணத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது ஆய்வின் எல்லையை மீறுவதாகும். ஓவன் ஸிடார் 2019இல் வெளியிட்ட ஆய்வு, வரிக்குறைப்பு யாருக்குப் போகிறது என்று பிரித்துப் பார்த்தது. வேலைவாய்ப்பு வளர்ச்சியின் பெரும்பகுதி கீழ்த்தட்டு வருமானக்காரர்களுக்குக் கொடுத்த குறைப்பால் வந்தது. மேல் 10 விழுக்காட்டினருக்குக் கொடுத்ததன் விளைவு சிறிது. அமெரிக்க நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடுகளும் இதே திசையில்தான் இருக்கின்றன. தனிநபருக்குக் கொடுக்கும் ஒரு டாலர் உற்பத்தியை 0.4 முதல் 2.1 டாலர் வரை கூட்டலாம்; உயர் வருமானக்காரருக்கு ஓராண்டு கொடுக்கும் வரிச்சலுகை 0.1 முதல் 0.6 வரைதான். வீச்சு இவ்வளவு அகலமாக இருப்பதே எச்சரிக்கையாகப் பேசச் சொல்கிறது.

விற்பனை வரியைக் கொஞ்ச காலம் குறைப்பது மற்றொரு வழி. பிரிட்டன் 2008 டிசம்பரிலிருந்து 13 மாதங்களுக்கு மதிப்புக் கூட்டு வரியை 17.5லிருந்து 15 விழுக்காடாக இறக்கியது. ஜெர்மனி 2020இன் பின்பாதியில் 19ஐ 16 ஆக்கியது. விலை மீண்டும் ஏறுவதற்கு முன் பெரிய பொருள்களை வாங்கிவிடுவோம் என்று மக்களைத் தூண்டுவதில் இதற்குப் பலன் உண்டு. ஆனால் வாங்குவதற்குப் பணம் இருப்பவர்களுக்கே அது பலன், அதுவும் வியாபாரி குறைப்பை விலையில் காட்டினால்.

நிறுவன வரியைக் குறைப்பது நிவாரணத்திலிருந்து இன்னும் தள்ளி நிற்கும் கருவி. 2019 செப்டம்பர் 20 அன்று இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நிறுவன வரியின் அடிப்படை விகிதத்தை 30லிருந்து 22 விழுக்காடாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 ஆகவும் குறைத்தார். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் விட்டுக்கொடுக்கப்பட்டது. அன்றைய மந்தத்துக்கு முக்கியக் காரணம் வாங்குவோர் குறைந்ததே என்று பல பொருளியலாளர்கள் கருதினார்கள். விற்காத பொருளை மேலும் உற்பத்தி செய்ய எந்த முதலாளியும் புதிய இயந்திரம் வாங்குவதில்லை. ஆறு மாதத்தில் கொரோனா வந்துவிட்டதால் அந்தக் குறைப்பின் தனி விளைவைப் பிரித்துக் காண்பது கடினம் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

திரும்பப் பெற முடியாத சலுகை: இலங்கை

வரிக்குறைப்பின் ஆழமான பலவீனம் அதை நிறுத்துவதில் இருக்கிறது. 2019 நவம்பரில் பதவியேற்ற கோட்டாபய ராஜபக்ச அரசு, ஈஸ்டர் குண்டுவெடிப்புகளால் தளர்ந்திருந்த பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துவதாகச் சொல்லி மதிப்புக் கூட்டு வரியை 15லிருந்து 8 விழுக்காடாகக் குறைத்தது. சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப்பட்ட வரி ஒழிந்தது. மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை வரம்பு 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடிக்கு உயர்த்தப்பட்டது. அதனால் வரி விகிதம் குறைந்தது மட்டுமல்ல, வரி கட்டுவோர் பட்டியலே சுருங்கிப்போனது. 2020இல் அரசு வருவாய் நாட்டு உற்பத்தியில் 10 விழுக்காட்டுக்கும் கீழே போனது. கொரோனாவால் சுற்றுலா நின்ற பிறகும் குறைப்புகள் தொடர்ந்தன. வெளிச் சந்தையில் கடன் வாங்கும் வழி அடைபட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதன் பிறகு அதே வரி 12, 15 என்று ஏறி, 2024 ஜனவரியில் 18 விழுக்காட்டில் வந்து நின்றது. விலைவாசி உச்சத்தில் இருந்த காலத்தில், சாப்பாட்டுக்கே திணறிய குடும்பங்கள் அந்த ஏற்றத்தைத் தாங்க வேண்டியிருந்தது.

இலங்கையின் வீழ்ச்சிக்கு வரிக்குறைப்பு ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. முந்தைய அரசுகள் வாங்கிய வெளிக்கடனும், 2021இல் ஒரே இரவில் வந்த இரசாயன உரத் தடையும் அதில் சேரும். ஆனால் ஓர் ஒப்பீடு கவனத்துக்குரியது. இதே அரசு 2020 ஏப்ரல், மே மாதங்களில் சமுர்த்தி நலத்திட்டக் குடும்பங்களுக்கும் வேறு சிலருக்கும் 5,000 ரூபாய் கொடுத்தது. அந்தக் கொடுப்பனவு தன் வேலையைச் செய்து முடித்து நின்றது. வரிக்குறைப்போ, நாடு திவாலாகும்வரை நிற்கவில்லை. ஒருமுறைப் பணத்தைப் புதுப்பிக்க அரசு புதிதாக ஒரு முடிவெடுக்க வேண்டும். வரிக்குறைப்பை நிறுத்தத்தான் புதிய முடிவு தேவை, அதை எடுக்கும் துணிவு எந்த ஆட்சிக்கும் சுலபமாக வருவதில்லை.

2020: பட்டியல் சொன்ன தீர்ப்பு

அமெரிக்காவில் 2020 மார்ச் 27 அன்று கொரோனா நிவாரணச் சட்டம் கையெழுத்தானது. வயது வந்தவருக்கு 1,200 டாலர், குழந்தைக்கு 500. வங்கிக் கணக்கு விவரம் வரித்துறையிடம் இருந்தவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் பணம் போனது. வரிக் கணக்கே தாக்கல் செய்யாத மிக ஏழைகளுக்குத் தாமதமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் அதிபர் டிரம்ப், ஊழியர் சம்பளத்தில் பிடிக்கும் 6.2 விழுக்காடு சமூகப் பாதுகாப்பு வரியை ஆண்டு முடியும்வரை தள்ளிவைத்தார். வேலை இருப்பவருக்கு மட்டுமே அது பொருந்தும். மறு ஆண்டு திரும்பக் கட்டவும் வேண்டும். தனியார் நிறுவனங்களில் பெரும்பாலானவை அதைத் தொடவே இல்லை. ஒரே நெருக்கடியில், ஒரே அரசு இரண்டு கருவிகளையும் கையாண்டு பார்த்ததால், இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பது அரிது. நேரடிப் பணம், வேலையின்மை உதவி, குழந்தைகளுக்கான மாதத் தொகை எல்லாம் சேர்ந்து, அரசு உதவிகளையும் கணக்கில் கொள்ளும் வறுமை அளவை 2019இன் 11.8 விழுக்காட்டிலிருந்து 2021இல் 7.8க்குக் கொண்டுவந்தன. உதவிகள் நின்ற பிறகு குழந்தைகளிடையே அந்த அளவு ஒரே ஆண்டில் 5.2லிருந்து 12.4 ஆனது. ஜப்பான் தலைக்கு ஒரு லட்சம் யென் அறிவித்தது. ஆனால் இணைய விண்ணப்பங்களைக் குடியிருப்போர் பதிவேட்டோடு ஊழியர்கள் கையால் ஒப்பிட வேண்டியிருந்ததால், பல நகராட்சிகள் இணைய வழியை நிறுத்தி அஞ்சலுக்குத் திரும்பின. பணக்கார நாடு, பெரிய தொகை, பட்டியல் மட்டும் தயாராக இல்லை.

இந்தியாவில் ஊரடங்கு அறிவித்த இரண்டாம் நாள் 1.70 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பு வந்தது. அதில் ரொக்கமாக இருந்தவற்றில் ஒன்று, ஏறத்தாழ 20 கோடிப் பெண்களின் ஜன் தன் கணக்குகளில் மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்கு. வங்கி வாசலில் கூட்டம் சேராமலிருக்க, கணக்கு எண் 0, 1இல் முடிபவர்கள் ஏப்ரல் 3, 2, 3இல் முடிபவர்கள் ஏப்ரல் 4 என்று நாள் பிரித்தார்கள். ஏழைப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இதில் விடுபட்டிருக்கலாம் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்தார்கள். வங்கிக் கணக்குப் பட்டியல் வறுமைப் பட்டியல் ஆகாது என்பதுதான் காரணம். மே மாதம் மத்திய அரசு சம்பளமல்லாத வருமானங்களுக்கான டி.டி.எஸ். பிடித்தத்தைக் கால் பங்கு குறைத்து, 50,000 கோடி ரூபாய் மக்கள் கைக்கு வரும் என்றது. கட்ட வேண்டிய வரி அப்படியே இருந்தது, கட்டும் நாள்தான் தள்ளிப்போனது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர்களே அப்போது ஆறேழு கோடிப் பேர், அவர்களிலும் பெரும்பகுதியினருக்கு வரி பூஜ்யம் என்றிருந்த நாட்டில், வருமான வரி வழியாக நிவாரணம் யாரைச் சென்றடையும்? அதே மாதம் கலால் வரி பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டப்பட்டது. ஒரு கையால் 500 ரூபாய் கொடுத்த காலத்தில் எல்லோரும் சுமக்கும் வரி ஏறியது என்பது, இந்த விவாதத்தில் நேர்முக வரியை மட்டும் பேசுவது போதாது என்பதற்குச் சான்று.

தமிழ்நாடு வேறு பட்டியலைக் கையில் எடுத்தது. 2020 ஏப்ரலில் அரிசி கார்டு ஒன்றுக்கு 1,000 ரூபாயும், 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் ரேஷன் கடையிலேயே ரொக்கமாகக் கொடுக்கப்பட்டன. இரண்டாம் சுற்றில் மட்டும் 2.07 கோடி கார்டுகள். நாளும் நேரமும் எழுதிய டோக்கன் முன்கூட்டியே வீடு தேடி வந்தது. பணத்தை எடுத்துக் கொடுத்தவர் மாதாமாதம் அதே குடும்பத்துக்கு அரிசி போடும் விற்பனையாளர். வங்கியில்லை, செல்பேசியில்லை, புது விண்ணப்பமில்லை. பொது விநியோகத்தை எல்லோருக்கும் திறந்துவைத்த பழைய கொள்கை முடிவு, யாரும் திட்டமிடாமலேயே நெருக்கடிக் காலத்தின் பட்டுவாடா வழியாக மாறியது. இதற்கும் குறைகள் உண்டு. இரண்டு பேர் உள்ள கார்டுக்கும் ஏழு பேர் உள்ள கார்டுக்கும் ஒரே தொகை. வசதியுள்ள வீட்டிலும் அரிசி கார்டு இருக்கிறது.

மறுப்புகள்

நேரடிப் பணத்துக்கு எதிரான மறுப்புகளில் கனமானது விலைவாசி பற்றியது. 2021 பிப்ரவரியில், அமெரிக்காவின் புதிய நிவாரணத் தொகுப்பு பொருளாதாரத்தின் பள்ளத்தைவிட மிகப் பெரியது என்று பொருளியலாளர் லாரன்ஸ் சம்மர்ஸ் எச்சரித்தார். 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 விழுக்காட்டைத் தொட்டது. அரசின் உதவிகள் 2021 இறுதி வாக்கிலேயே பணவீக்கத்தில் 3 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை சேர்த்திருக்கலாம் என்று சான்ஃபிரான்சிஸ்கோ ஃபெடரல் ரிசர்வ் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இதை ஒதுக்கித்தள்ள முடியாது. ஆனால் அந்த அளவுக்குக் காசோலை கொடுக்காத பிரிட்டனில் அதே ஆண்டு பணவீக்கம் 11 விழுக்காட்டைக் கடந்தது. எரிபொருளும் போரும் அறுந்த விநியோகச் சங்கிலியும் எல்லா நாட்டையும் தாக்கின. கென்யாவின் சியாயா மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குத் தலா ஏறத்தாழ 1,000 டாலர் கொடுத்துப் பார்த்த ஆய்வில் விலை ஏறியது 0.1 விழுக்காடு அளவுதான். உள்ளூர்ப் பொருளாதாரம் கொடுத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்தது. சும்மா கிடக்கும் கடைகளும் கைகளும் உள்ள இடத்தில் பணம் உற்பத்தியைக் கூட்டும், சரக்கே வராத இடத்தில் விலையைக் கூட்டும் என்று கொள்வதே பொருத்தம். வரிக்குறைப்புக்கும் இந்த விதி பொருந்தும். 2022 செப்டம்பரில் பிரிட்டனின் லிஸ் டிரஸ் அரசு நிதி ஆதாரம் சொல்லாமல் அறிவித்த வரிக்குறைப்புகள், ஐந்தே நாளில் இங்கிலாந்து வங்கியைக் கடன்பத்திரச் சந்தையில் தலையிட வைத்தன.

பணத்தைச் சேமித்துவிடுகிறார்கள், கடனை அடைக்கிறார்கள், ஆகவே பலனில்லை என்பது இரண்டாவது மறுப்பு. அமெரிக்காவில் 2020இன் முதல் தொகையில் 40 விழுக்காடுதான் செலவானது, மீதி சேமிப்புக்கும் கடனுக்கும் போனது என்று ஒரு பெரிய கருத்தாய்வு கண்டது. இந்த மறுப்பு நிவாரணத்தையும் சந்தையைத் தூண்டுவதையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஊரடங்கில் கடைக்குப் போக வேண்டாம் என்று சொன்ன அரசு, மக்கள் கடைக்குப் போகவில்லை என்று குறைசொல்ல முடியாது. கந்துவட்டிக்கு வாங்கிய 4,000 ரூபாயை அடைத்த குடும்பம் கடையில் எதுவும் வாங்கியிருக்காது. ஆனால் அடுத்த மாதக் கூலி வட்டிக்குப் போகாமல் வீட்டுக்கு வரும். அதை நிவாரணம் இல்லை என்று எந்த அளவுகோல் சொல்லும்?

பணம் கொடுத்தால் வேலைக்குப் போக மாட்டார்கள் என்ற மறுப்புக்கு அதிகம் நிற்க வேண்டியதில்லை. ஆறு வளரும் நாடுகளின் பணத் திட்டங்களை அபிஜித் பானர்ஜி முதலியோர் சேர்த்துப் பார்த்தபோது அதற்குச் சான்று கிடைக்கவில்லை. 1982 முதல் எல்லோருக்கும் ஆண்டுப் பணம் கொடுத்துவரும் அலாஸ்காவிலும் மொத்த வேலைவாய்ப்பு குறையவில்லை.

தீராதவை

நிவாரணம் என்ற அளவில் தராசு நேரடிப் பணத்தின் பக்கம் சாய்கிறது என்று ஓரளவு உறுதியோடு சொல்லலாம். வளர்ச்சிக்கும் முதலீட்டுக்கும் வரிக்குறைப்பு உதவுமா என்பது தனிக் கேள்வி, அதை நெருக்கடியின் அவசரத்தில் முடிவு செய்யாமலிருப்பது நல்லது. எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதில் இன்னும் தெளிவு இல்லை. வேலையின்மை விகிதத்தின் மூன்று மாதச் சராசரி, முந்தைய ஓராண்டின் தாழ்ந்த நிலையைவிட அரைப் புள்ளி உயர்ந்தால் பணம் தானாகப் போகட்டும் என்று 2019இல் கிளாடியா சாம் முன்மொழிந்தார். அரசியல் பேரத்தைத் தவிர்க்க அது ஒரு வழி. இந்தியாவில் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் மாதந்தோறும் வெளிவரத் தொடங்கியதே 2025இல்தான். அதுவும், பெரும்பாலோர் தினக்கூலியிலும் சுயதொழிலிலும் இருக்கும் நாட்டில், வருமானம் பாதியாகிவிட்டாலும் வேலையில் இருப்பதாகவே பதிவாகும். அப்படிப்பட்ட இடத்தில் எந்த எண்ணை அபாய மணியாகக் கொள்வது என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

பட்டியல் பற்றிய கேள்வி அதைவிடக் கடினமானது. 2020இல் திருப்பூரிலும் சென்னையிலும் சிக்கிக்கொண்ட பிகார், ஒடிசா தொழிலாளர்களின் குடும்ப அட்டைகள் அவர்களுடைய ஊரில் இருந்தன. தமிழ்நாட்டு அட்டைக்குக் கொடுத்த ரொக்கம் அவர்களுக்கு வரவில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில் இன்று அவர்கள் இங்கேயே தங்கள் பங்கு தானியத்தை வாங்கலாம், ஆனால் ஒரு மாநிலம் தன் நிதியிலிருந்து கொடுக்கும் பணத்துக்கு அது வழிசெய்யாது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். அந்தப் பதிவை வைத்து, வேலை செய்யும் மாநிலத்தில் அவர்களுக்குப் பணம் சேர்க்க முடியுமா, முடிந்தால் அந்தச் செலவை ஏற்பது அவர்கள் பிறந்த மாநிலமா, உழைக்கும் மாநிலமா, மத்திய அரசா என்பது இதுவரை முடிவாகவில்லை.